எங்கள் தெருவில் டயர் எரியாத போகி

நான் காற்று விற்றுப் பிழைக்கிறவன். ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற ரோட்டில், ஒரு புங்கமரத்தடியில் என் பஞ்சர் கடை இருக்கிறது. பெட்ரோல் பங்கில் சும்மா கிடைக்கிற காற்றை என்னிடம் காசு கொடுத்து வாங்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் என் வாய்தான். ஒரு வண்டிக்குக் காற்றடித்து முடிப்பதற்குள் இரண்டு கதை சொல்லிவிடுவேன். அதில் ஒன்றரை பொய்யாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு நான் மொத்தம் மூன்று நாள் போனேன். தமிழ் படிக்கக் கற்றது பஸ் போர்டில். பூந்தமல்லி, குமணன்சாவடி, அம்பத்தூர் என்று எழுத்துக் கூட்டிக் கூட்டியே தேறினேன். இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் டயரின் பக்கவாட்டில் இருந்து வந்தவை. ஆகையால் எனக்குத் தெரிந்த உலகம் உருண்டையானது, கறுப்பானது.

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெரிய மரியாதை இருந்தது. போகிக்கு டயர் கொடுப்பவன் நான்தான்.

மார்கழி கடைசி நாள் விடியற்காலையில் பழையதைக் கொளுத்துவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஓட்டைப் பாயும் முறமும் தேய்ந்த துடைப்பமும் எரிப்பார்கள். எங்கள் பக்கம் அதெல்லாம் பற்றவைக்க மட்டும்தான். டயர் எரிந்தால்தான் போகி. பாய் எரிந்தால் வருகிற வெள்ளைப் புகையை யார் மதிப்பார்கள்? டயர் புகை கறுப்பாகத் திரண்டு கரண்ட் கம்பிக்கு மேலே போகும். அடுத்த தெருப் புகையைவிட எங்கள் தெருப் புகை ஒரு முழமாவது உயரமாக நிற்கவேண்டும். அதில்தான் எங்கள் மானம் இருந்தது. அந்த மானத்தை வருஷம் பூராவும் கடைக்குப் பின்னால் அடுக்கிச் சேர்த்துவைப்பவன் நான்.

என் மகள் பிறந்த இருபத்திரண்டாம் நாள் போகி வந்தது. அப்பா ஆகிவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டு வாசலிலேயே மூன்று லாரி டயரைக் கொளுத்தி, அதைச் சுற்றி ஆடினேன். உள்ளே என் மனைவி ஈரப் புடவையைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு, குழந்தையை மடியில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற அப்பன்கள் பிள்ளைக்குக் கொலுசு வாங்கிப் போடுவார்கள். நான் மூன்று டயர் போட்டேன்.

இரண்டு வயதில் அவளுக்கு வீசிங் வந்தது. அந்தப் புகையால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதனால் வரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த வருஷத்திலிருந்து போகிக்கு முதல் நாளே என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு திருத்தணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்களைப் பத்திரமாகப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, இனிமேல் குழந்தைக்குத் தொந்தரவில்லை என்று நிம்மதியாக டயர் கொளுத்தினேன். ஒரு வருஷம் இல்லை, அத்தனை வருஷமும். என் மூளையின் அளவு இதுதான்.

போன மார்கழியில் அவளுக்குப் பத்து வயது முடிய இருந்தது. ஆவடி மார்க்கெட்டில் போகி மேளம் வந்து இறங்கியிருந்தது. தோல் கட்டிய சின்ன மேளத்தையும் இரண்டு குச்சியையும் வாங்கிக்கொண்டு கடைக்கு நேராக வந்தாள்.

"நைனா, இந்த வருசம் நான் பெரியம்மா ஊட்டுக்குப் போவ மாட்டேன்."

"ஏன்டா கண்ணு?"

"நம்ம தெருவுல எல்லாரும் மேளம் அடிக்கறாங்க. நான் இங்க ஒரு போகிக்குக்கூட அடிச்சதே இல்ல. பெரியம்மா ஊருல அடிச்சா மாடு மட்டும்தான் திரும்பிப் பாக்குது."

டாக்டர் சொன்னால் இரு என்றேன். டாக்டர் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வார், பழி நம் மேல் வராது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு எப்போதும் போல் இருந்தது.

டாக்டரம்மா அவள் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"

"ஐயோ, கெடையவே கெடையாது மேடம். பீடி, சிகரெட்டு, பாக்கு ஒண்ணும் கெடையாது. சுத்தமான ஒடம்பு."

"வேற ஏதாவது புகை?"

நான் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். மகள் பதில் சொன்னாள்.

"கடைல கொசுவுக்குப் பழைய டியூப் எரிப்பாரு மேடம். போகிக்கு டயர் எரிப்பாரு. எங்க தெருவுக்கே இவருதான் குடுக்கறாரு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, நான் வருஷம் பூரா மருந்து எழுதறேன். நீங்க ஒரே நாள்ல எல்லாத்தையும் அழிச்சிடறீங்களா?"

"ஒரு நாளுதான மேடம்..."

"அந்த ஒரு நாள் அவ மூச்சு விடாம இருக்கட்டுமா?"

கடைசியில் அவர் சொன்னது இதுதான். தெருவில் டயர் எரியவில்லை என்றால் பிள்ளை வீட்டில் இருக்கலாம். எரிந்தால் முதல் நாளே வெளியூர் கூட்டிப் போய்விட வேண்டும்.

வண்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, எரியாதுல்ல?"

"எரியாது."

"சாமி சத்தியமா?"

"சாமிய விடு. கடை மேல சத்தியம்."

வீட்டில் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "யோவ், நீ டயர் கொளுத்தாம இருக்கறதும் எங்க அக்கா வாய மூடிகினு இருக்கறதும் ஒண்ணு. ரெண்டும் நடக்காது. பைய கட்டி வெக்கிறேன். மொத நாளு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாப்பேன். எவனாச்சும் கொளுத்தப் போறான்னு தெரிஞ்சா, பஸ்ஸு ஏறிடுவேன்."

பையைக் கட்டி வாசற்படிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். நான் போகும்போதும் வரும்போதும் அது என் காலை இடறியது.

டீக்கடையில் நின்று, இந்த வருஷம் டயர் கிடையாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மை. அதற்குத்தான் எல்லாரும் அதிகமாகச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் நாற்பத்திரண்டு டயரில் ஆறைக் காணோம். மிச்சத்தைச் சங்கிலியில் கோத்துப் பூட்டினேன். அடுத்த நாள் பூட்டோடு இரண்டு போயிருந்தது. வேறு வழியில்லாமல் முப்பத்து நாலு டயரையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. கட்டிலுக்கு மேலே, பீரோவுக்கு மேலே, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் எல்லாம் டயர். மகள் நான்கு டயருக்கு நடுவில் இறங்கி உட்கார்ந்து ஹோம்ஒர்க் எழுதினாள். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"இது ஊடா, இன்னா இது?" என்றாள் என் மனைவி. "தெருவுல ஒரு நாளு எரியப்போறது, என் ஊட்டுல தெனமும் நாறுது. பாப்பாவுக்கு இந்த வாசனையே ஆவாது. ஒண்ணு டயரு இருக்கணும், இல்ல நீ இருக்கணும்."

டயருக்காவது போக இடம் தேடலாம் என்று கிளம்பினேன். தெருக்கோடியில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. அதில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். ஐ.டி. வேலை, வெள்ளைக் கார். நாங்கள் அவரை ஃப்ளாட் சார் என்போம். ஒவ்வொரு போகிக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து, குழந்தைகள் இருக்கிற இடம், எரிக்காதீங்க என்று கெஞ்சிவிட்டுப் போவார். அதற்கு முந்தைய வருஷம் நான் அவரிடம், "சார், உங்க காரு டயரும் ஒண்ணு உள்ள எரியுது, நல்லா மோந்து பாருங்க, அடையாளம் தெரியும்" என்று சொல்லித் தெருவையே சிரிக்க வைத்தேன். இப்போது அவர் வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க, என் டயரையே மோந்து பாக்கச் சொன்னவரு நீங்க. இப்ப நீங்களே வந்து புகை வேண்டாங்கறீங்க?"

"சார், அப்ப எனக்கு மூக்கு வேல செய்யல."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். பார்க்கிங்கில் ஒரு மூலை காட்டினார், தண்ணீர் தேங்காமல் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார், கொசு வருமாம். நான் கடைசி டயரை அடுக்கிவிட்டு நிமிரும்போது தயங்கிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, ஒரு ஹெல்ப்புங்க. மாடில பழைய ரெக்ஸின் சோபா ஒண்ணு கெடக்குது. போகிக்குன்னே வெச்சிருக்கோம். நீங்க தீ போடறப்ப அதையும் கொஞ்சம் சேத்து..."

"சார், நீங்கதான வருசா வருசம் மாஸ்க்கு போட்டுகினு வந்து அழுவீங்க?"

"அது டயருங்க. இது சோபாங்க."

படித்தவருக்கும் படிக்காதவனுக்கும் நடுவில் இருந்த தூரம் அந்த இடத்தில் ஒரு சோபா நீளத்துக்குச் சுருங்கியது. அவரும் யோசித்துப் பார்த்து வெட்கப்பட்டார். அதை எரிப்பதில்லை என்று முடிவானது.

இனி பாக்கி ஒருவன்தான், என் சிநேகிதன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். டவுசர் போட்ட காலத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். எங்கள் தெருப் போகிக்கு நான் டயர் கொடுப்பவன் என்றால், தீ வைப்பவன் அவன். அவன் சரி என்றால் தெருவே சரி என்ற மாதிரி.

போகிக்கு முதல் நாள் மத்தியானம் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தினான். உள்ளே ஆறு பேர் நசுங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேலே இரண்டு லாரி டயர் கட்டியிருந்தது.

"இன்னா மாமே, டயரு இல்லாத போகி நடத்தப் போறியாமே? நீ குடுக்காட்டி? நசரத்பேட்டைலேர்ந்து எடுத்தாந்துகீறேன் பாரு, ரெண்டு."

"மச்சான், பாப்பாவுக்கு ஆவாதுடா."

"அதான் வருசா வருசம் ஊருக்கு அனுப்பறல்ல? இந்த வருசமும் அனுப்பு."

"ஊட்டுலயே இருந்து மேளம் அடிக்கணும்ங்குதுடா."

"இத்தினி வருசம் நீதான குதிகுதின்னு குதிச்சிகினு கொளுத்தின? அப்ப வந்த பொக மட்டும் ஊதுபத்தி வாசனையா? நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரன் நம்மள இன்னா நெனைப்பான்?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். ஆறு மணிப் பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. அப்போது என் மகள் அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையை இறக்காமல் ஆட்டோ மேலே இருந்த டயரை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, இத்த உருட்ட வருமா உனக்கு?"

"உருட்டறதா? இது கொளுத்தறதுக்கும்மா."

"வராதுன்னு தெரியும். நைனா சொல்லிச்சு. சின்ன வயசுல டயர் வண்டி ஓட்டினா எப்பவுமே நைனாதான் ஜெயிக்குமாம். நீ அழுதுகினே ஊட்டுக்குப் போவியாம்."

நான் புங்கமரத்து இலைகளை எண்ணத் தொடங்கினேன். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னது நான்தான். உண்மை என்னவென்றால், எப்போதும் ஜெயித்தது அவன். அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது நான்.

"யாரு? இவன்கிட்ட நானா?" அவன் ஆட்டோவை விட்டே இறங்கிவிட்டான். "இந்தத் தொப்பைகிட்டயா? ஏம்மா, உங்க நைனா ஓடினா டவுசரு தனியா பின்னாடி ஓடி வரும். தெருவுல யார வேணா கேளு!"

"அப்ப நாளைக்குக் காலைல ஓட்டிக் காட்டு."

"காலைலதானம்மா கொளுத்தணும்..."

"கொளுத்திட்டா அப்பறம் இன்னாத்த ஓட்டுவ?"

ஆட்டோவுக்குள்ளிருந்து ஒருவர், "அண்ணாத்தே, பயமா கீதா?" என்றார். மடியில் கூடையை வைத்திருந்த ஒரு அம்மா கத்தினாள்: "ஓட்டிக் காட்றியா, வண்டிய எடுக்கறியா? ரெண்டுல ஒண்ணு பண்ணுய்யா, எனக்கு லேட்டாவுது."

"மாமே," என்றான் என்னைப் பார்த்து விரலை நீட்டி, "நாளைக்குக் காலைல அஞ்சர மணி. தோத்தன்னா உன் கடை போர்டுல நீயே எழுதி மாட்டணும், சின்ன வயசுலயும் நான்தான் தோத்தேன்னு."

சாயங்காலம் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னோம். பையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "அவன் கைல டயரு கீது, நெருப்பு இல்ல. சரி, இருக்கேன். ஆனா பைய பிரிக்க மாட்டேன்."

விடியற்காலையில் பனி இறங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேர்தான் ஓடப்போகிறோம் என்று நினைத்துப் போனால், ஃப்ளாட் சார் பார்க்கிங்கைத் திறந்துவிட்டு டிராக் பேன்ட்டில் நிற்கிறார். என் டயர்களைத் தெருவே பங்கு போட்டு எடுத்துக்கொண்டது. சோபாவையும் இறக்கி வாசலில் போட்டிருந்தார்கள். அதில் என் மனைவி காலை மடக்கி உட்கார்ந்து, யார் ஜெயித்தது என்று சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சாஸ்திரத்துக்கு ஒரு ஓட்டை முறமும் துடைப்பமும் தெருக்கோடியில் எரிந்தன. இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிட்டன. என் மகள் மேளத்தோடு நடுத்தெருவில் நின்று ஒரு அடி கொடுத்தாள். அதுதான் ஆரம்பம்.

டம டம டம டம என்று மேளம். முப்பத்து நாலு டயரும், காணாமல் போய் எப்படியோ திரும்பி வந்த எட்டும், இரண்டு லாரி டயரும் ஒரே தெருவில் உருண்டால் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஃப்ளாட் சார் தன் டயரைத் துரத்தினார், சில இடத்தில் டயர் அவரைத் துரத்தியது. என் சிநேகிதன் அம்பு மாதிரி போனான். நான் பத்து அடி வரைக்கும் அவனுக்குச் சமமாக ஓடினேன். அதற்குப் பிறகு என் தொப்பை ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டி வைத்த பள்ளத்தில் டயர் விழுந்தது. அதைப் பிடிக்கப்போன நானும் விழுந்தேன். மேலே இருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"நைனா, நீ சொன்னதெல்லாம் பொய்யா?"

"ஆமாடா கண்ணு."

அவள் சிரித்த சிரிப்பில் மேளம் அடிக்க முடியாமல் குச்சி கீழே விழுந்தது. அப்படி அவள் மூச்சு முட்டச் சிரித்தும் மூச்சு முட்டவில்லை.

ஆறேகால் இருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து கறுப்பாக எழும்பியது. காற்று எங்கள் பக்கம். முதலில் வாசனை, பிறகு புகை. மகள் இரண்டு தடவை இருமினாள். மூன்றாவது இருமலில் என் மனைவி சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள். இன்ஹேலரில் பஃப் கொடுத்து, உள்ளே தூக்கிப் போய், ஜன்னலை எல்லாம் சாத்தினாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே நின்று என்னைப் பார்த்தாள்.

நானும் என் சிநேகிதனும் ஆளுக்கொரு பக்கெட் தண்ணீரோடு பக்கத்துத் தெருவுக்கு ஓடினோம். அங்கே ஒரே ஒரு டயர்தான் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார்கள்.

"வா அண்ணாத்தே! போன வருசம் நீ குடுத்ததுல ஒண்ணு மிச்சம் வெச்சிருந்தோம். சூப்பரா எரியுது."

என் டயர். நான் தண்ணீரை ஊற்றினேன். அது உஸ்ஸென்று சீறிவிட்டு, இன்னும் கறுப்பாக எரிந்தது. இத்தனை வருஷம் கொளுத்தியவனுக்கு அணைக்கத் தெரியவில்லை.

"இன்னா அண்ணாத்தே பண்ற? பேஜாரா?"

"பாப்பாவுக்கு மூச்சு வாங்குதுப்பா. இந்த ஒரு தபா அணைச்சிடுங்க. நான் குடுத்தது தப்பு. கைய வேணா புடிக்கறேன், கால்ல வேணா விழறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் கேலி செய்யாமல் பேசி அவர்கள் கேட்டதில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா சொன்னாள்: "எங்க ஊட்டுலயும் ஒண்ணு உள்ள இருமிகினுதான் கீது. தண்ணிக்கு அடங்காதுயா அது. மண்ணப் போடு." வீடு கட்டக் கொட்டியிருந்த மணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு எல்லாரும் கை கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் அங்கே ஒரு மணல்மேடுதான் இருந்தது. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் கண்ணும் பல்லும் மட்டும் மிச்சம்.

வெயில் ஏறியதும் புகை கலைந்தது. ஏழரை மணிக்கு என் மனைவி கதவைத் திறந்து, மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். தலையை ஆட்டினாள். பையை உள்ளே எடுத்துப்போய்த் துணிகளை மறுபடி கொடியில் போட்டாள்.

மகள் நடுத்தெருவுக்கு வந்து மேளத்தை எடுத்தாள். எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது. பொங்கலுக்குக் கோலமாவு வாங்கப் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். தோற்றதை எழுதச் சொல்லி என் கடை போர்டைக் கழற்றிக்கொண்டு வந்த என் சிநேகிதன், "போதும்மா, ஹாரன் அடிச்சாக்கூட சவாரிக்குக் கேக்க மாட்டேங்குது" என்று கெஞ்சினான். ஃப்ளாட் சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்குப் புகையே பரவால்லையாட்ட இருக்குதுங்க" என்றார்.

"பத்து போகிக்குச் சேத்து அடிக்கணும் அங்கிள்," என்றாள் அவள். "இப்பதான் ரெண்டு முடிஞ்சிது."

சட்டென்று குச்சியை நிறுத்தினாள். நான் பயந்து எழுந்தேன். ஒன்றுமில்லை. கண்ணை மூடி, நெஞ்சு நிறைய நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். அது தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. மூன்றாவது போகியை ஆரம்பித்தாள்.